அலெக்சாண்டருக்குப் பேரன்கள் இல்லை

எங்கள் குடும்பம் மகா அலெக்சாண்டரின் வழி வந்தது என்றோ, அவருடைய தளபதி செல்யூக்கஸின் வழி வந்தது என்றோ சொல்பவர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட அதைத் தலைமுறை தலைமுறையாக ஆவணம் காட்டி நிறுவியதில்லை. இப்போது கிடைத்திருக்கும் சான்றுகளை வைத்து நிறுவவும் முடியாது. ஆனாலும் அந்த நம்பிக்கை நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குடிவழி தேடுவது பெரும் பொழுதுபோக்காகவும் பெரும் வணிகமாகவும் ஆகிவிட்டது. பாட்டன், பூட்டன் பெயர்களைப் பதிந்தால் போதும், வேறு யாரோ போட்டுவைத்த மரத்தோடு அது ஒட்டிக்கொள்கிறது. அங்கிருந்து ஓர் இடைக்காலப் பிரபு, பிறகு ஓர் அரசர், பிறகு பிசாந்தியப் பேரரசர், பிறகு ஆர்மீனிய இளவரசி என்று ஏறி, கடைசியில் கிரேக்க மன்னர் ஒருவரிடம் போய் நிற்கிறது.

இந்த நம்பிக்கையை மூன்று தூண்கள் தாங்குகின்றன. ஆவணங்கள் இருக்கின்றன என்பது ஒன்று. கணக்குப்படி நாம் எல்லோருமே அந்த மன்னர்களின் சந்ததிதான் என்பது இரண்டாவது. மரபணு பொய் சொல்லாது என்பது மூன்றாவது. இவற்றோடு வாய்மொழி மரபையும் துணைக்கு அழைப்பார்கள். இவற்றில் எதுவுமே அந்த மரத்தைத் தாங்காது என்பதே என் வாதம்.

முதலில் அலெக்சாண்டரையே எடுத்துக்கொள்வோம். கி.மு. 323-ல் பாபிலோனில் அவர் இறந்தபோது மனைவி ரொக்சானா கருவுற்றிருந்தார். பிறந்த மகனும் அலெக்சாண்டர் என்றே பெயர் பெற்றான். மக்கெதோனியாவைப் பிடித்திருந்த கசாண்டர் அந்தச் சிறுவனையும் தாயையும் ஆம்பிபொலிஸில் காவலில் வைத்திருந்து, கி.மு. 310-ஐ ஒட்டி இருவரையும் கொன்றுவிட்டார். பர்சினே என்ற பெண்ணிடம் அலெக்சாண்டருக்குப் பிறந்த இன்னொரு மகன் ஹெராக்ளிஸ். அவனை அரியணை ஏற்றப்போவதாகக் கூட்டிவந்த தளபதி பொலிபெர்கான், கசாண்டரோடு பேரம் படிந்ததும் அவனைக் கொன்றார். இரு மகன்களும் பிள்ளை பெறும் முன்பே மாண்டார்கள். தாய் ஒலிம்பியாஸ், சகோதரி கிளியோபாத்ரா, மாற்றாந்தாய் வழிச் சகோதரி தெசலோனிக்கே எல்லோரும் கொலையுண்டார்கள். தெசலோனிக்கேயைக் கொன்றது அவர் பெற்ற மகனே. கிளியோபாத்ராவின் மகன் நியோப்டாலமஸை எபிரஸ் மன்னர் பிர்ரஸ் கொன்றார். அலெக்சாண்டர் இறந்து முப்பது ஆண்டுகளுக்குள் அந்தக் குடும்பத்தை அவருடைய தளபதிகளும் உறவினர்களும் சேர்ந்து துடைத்தெறிந்துவிட்டார்கள். வேறு யாரும் சந்ததி விட்டதாக நம்பத்தகுந்த பதிவு எதுவும் இல்லை. ஆகவே அலெக்சாண்டரின் பெயரில் தொடங்கும் எந்த வம்ச மரமும் முதல் கிளையிலேயே ஒடிந்துவிடுகிறது.

அலெக்சாண்டர் வேண்டாம், அவருக்குப் பின் ஆண்ட செல்யூக்கஸும் தாலமியும் பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்தவர்கள்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. செல்யூக்க வம்சத்துப் பெண்கள் ஆசியா மைனர் பக்கத்து அரசுகளான பொந்தஸுக்கும் கப்படோசியாவுக்கும் கொம்மகேனேவுக்கும் மணமாகிப் போனார்கள். அந்தத் திருமணங்களுக்குக் கல்வெட்டும் நாணயமும் வரலாற்றாசிரியர்களும் சாட்சி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாட்சி எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

தென்கிழக்குத் துருக்கியில் 2,100 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது நெம்ருத் மலை. கி.மு. முதல் நூற்றாண்டில் கொம்மகேனே மன்னர் முதலாம் அந்தியோக்கஸ் அதன் உச்சியில் தனக்கு நினைவிடம் எழுப்பினார். அங்கே பெரிய தெய்வச் சிலைகளுக்கு அருகில் மூதாதையர் பலகைக்கற்கள் இரண்டு வரிசைகளாக நின்றன. ஒவ்வொரு கல்லிலும் ஒரு முன்னோரின் உருவம். பின்புறத்தில் அவர் பெயர். முன்னே தூபமிட ஒரு சிறு பீடம். தந்தைவழி வரிசை பாரசீகப் பேரரசர் டேரியஸில் தொடங்குகிறது. தாய்வழி வரிசை அலெக்சாண்டரில் தொடங்குகிறது. அந்தியோக்கஸின் தாய் லவோதிகே உண்மையிலேயே செல்யூக்க இளவரசி. அந்த வரிசையில் வரும் செல்யூக்க மன்னர்கள் உண்மையான முன்னோர்கள். ஆனால் தலைக்கல்லாக நிற்கும் அலெக்சாண்டர் அவருடைய முன்னோர் அல்ல. உண்மையான பலரின் தலைமாட்டில் பொய்யான ஒருவரை நிறுத்திவிட்டார் மன்னர். எல்லாம் ஒரே கல், ஒரே உளி, ஒரே தூபம். எது மெய், எது பொய் என்று அந்தக் கற்களைப் பார்த்துப் பிரித்தறிய வழியில்லை. உரோமுக்கும் பார்த்தியாவுக்கும் நடுவே நெருக்கப்பட்ட சிற்றரசுக்கு இருபுறமும் பெருமை தேவைப்பட்டது. அந்தத் தேவையே மூதாதையரைத் தேர்ந்தெடுத்தது.

அந்தக் குடும்பத்தின் கடைசிப் பெரிய நினைவுச்சின்னம் ஏதென்ஸில், அக்ரோபொலிஸுக்கு எதிர்க் குன்றில் இருக்கிறது. அரசு பறிபோன பிறகு உரோமக் குடிமகனாக வாழ்ந்து, கி.பி. 109-ல் கன்சல் பதவி வகித்த பிலோபாப்பஸின் கல்லறை அது. அவர் சிலைக்கு ஒரு பக்கம் தாத்தா நான்காம் அந்தியோக்கஸ். மறுபக்கம் செல்யூக்கஸ் நிகேடரின் சிலை இருந்தது, இன்று இல்லை. அதன் கீழிருந்த எழுத்துகளை 15-ஆம் நூற்றாண்டில் அன்கோனாவைச் சேர்ந்த சிரியாக்கஸ் படியெடுத்ததால் நமக்குத் தெரிகிறது. செல்யூக்கஸ் இறந்தது கி.மு. 281. பிலோபாப்பஸின் கல்லறை எழுந்தது கி.பி. 114–116. ஏறத்தாழ 400 ஆண்டுகள். கல்லில் பொறித்து நிற்கும் கிரேக்க அரசவழி இவ்வளவு தூரம் வந்ததே பெரிது. பிலோபாப்பஸுக்கோ, எகிப்தின் மெம்னோன் சிலைக் காலில் கவிதை பொறித்த அவர் சகோதரி ஜூலியா பல்பில்லாவுக்கோ பிள்ளைகள் இருந்ததாக எந்தப் பதிவும் இல்லை. தாலமி வழியும் இப்படியே. புகழ்பெற்ற கிளியோபாத்ராவின் மகள் மவுரித்தானியா அரசியானார். அவருடைய மகன் தாலமியைக் கி.பி. 40-ல் கலிகுலா கொன்றார். அதற்குப் பிறகு இருட்டு. மூன்றாம் நூற்றாண்டில் பால்மைராவின் அரசி செனோபியா தன்னைக் கிளியோபாத்ராவின் வழி என்றார் என்றால், அது அவர் எகிப்தின் மீது கை வைத்த காலம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்த இருட்டைத் தாண்ட வம்ச மரக்காரர்கள் போடும் பாலம் ஆர்மீனியா. பொந்தஸ் மன்னர் இரண்டாம் மித்ரிதாத்தீஸ் செல்யூக்க இளவரசியை மணந்தார். அவர் வழியில் வந்த ஆறாம் மித்ரிதாத்தீஸின் மகள், ஆர்மீனியாவின் திக்ரானை மணந்தார். இதுவரை வரலாறு. பிறகு திக்ரானின் வம்சம் அழிந்து, பார்த்திய அர்சாக்கிய வம்சம் ஆர்மீனியாவில் ஆட்சிக்கு வந்தது. அதன் முதல்வர் திரிதாத்தீஸுக்கு கி.பி. 66-ல் உரோமில் நீரோ முடி சூட்டினார். பழைய வம்சத்துப் பெண் புதிய வம்சத்துக்கு மணமாகி வந்தாள் என்று நேரடிச் சான்று கிடையாது. வந்திருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். அடுத்த கண்ணியும் ஊகம், அதற்கடுத்ததும் ஊகம். அப்படியே தொடர்ந்து கொன்ஸ்தாந்திநோபிள் அரண்மனையை எட்டுகிறார்கள்.

அந்த அரண்மனையில் நடந்ததாக எழுதப்பட்டிருக்கும் ஒரு சம்பவம் இந்த விவகாரம் முழுவதற்கும் விளக்கமாக நிற்கிறது. பேரரசர் முதலாம் பசில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். குதிரை பழக்கும் வேலையில் தொடங்கி அரசரின் நெருங்கிய ஆளாக உயர்ந்து, 867-ல் அதே அரசர் மூன்றாம் மைக்கேலைக் கொல்வித்து அரியணையில் அமர்ந்தார். பெரும் அறிஞரான போத்தியஸைத் திருச்சபைத் தலைவரான மறைமுதுவர் பதவியிலிருந்து இறக்கினார். இழந்த செல்வாக்கை மீட்க போத்தியஸ் செய்த காரியத்தை எழுத்தாளர் நிகெத்தாஸ் தாவீது எழுதிவைத்திருக்கிறார். பசில் ஆர்மீனிய அர்சாக்கிய மன்னர் திரிதாத்தீஸின் வழி வந்தவர் என்று ஒரு வம்சாவளியை போத்தியஸ் இட்டுக்கட்டினார். பழைய தோல் தாள்களில் பழங்கால எழுத்து வடிவத்தில் எழுதி, பழைய நூல் ஒன்றின் அட்டையைப் பிய்த்து இதற்குக் கட்டினார். அரண்மனைக் குருமார்களில் ஒருவரைக் கொண்டு அரச நூலகத்தில் வைக்கச் செய்தார். அந்தக் குரு நல்ல நேரம் பார்த்து ஏட்டை எடுத்துக் காட்டி, இதைப் படிக்கவல்லவர் போத்தியஸ் ஒருவரே என்று சொன்னார். போத்தியஸ் திரும்ப அழைக்கப்பட்டார்.

நிகெத்தாஸ் போத்தியஸின் எதிரி. ஆகவே ஏடு தயாரித்த விவரங்களை அவர் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் வம்சாவளி மிகையல்ல. பசிலின் பேரர் ஏழாம் கொன்ஸ்தாந்தின் காலத்தில் அரண்மனையே எழுதுவித்த பசிலின் வரலாற்றில் அது இடம்பெற்றிருக்கிறது. அதில் பசிலின் தந்தைவழி அர்சாக்கியர். தாய்வழி ஒருபுறம் மகா கொன்ஸ்தாந்தின், மறுபுறம் அலெக்சாண்டர். பேரன் இல்லாத அலெக்சாண்டருக்கு 1,100 ஆண்டுகள் கழித்து உழவர் வீட்டில் ஒரு வாரிசு! அரசனைக் கொன்று அரசனானவருக்கு இந்த வாரிசுப் பட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதை விளக்க வேண்டியதில்லை. பசிலின் மகனாக ஆண்ட ஆறாம் லியோ உண்மையில் பசிலுக்குப் பிறந்தவரா, கொலையுண்ட மைக்கேலுக்குப் பிறந்தவரா என்ற சந்தேகம் அக்காலத்திலேயே இருந்தது. அந்த வம்சத்தின் அன்னா கீவ் ஆட்சியாளர் விளாதிமிரை மணந்தார். விளாதிமிரின் பேத்தி இன்னோர் அன்னா 1051-ல் பிரான்ஸ் அரசியானார். இங்கே ஓர் அன்னாவிலிருந்து இன்னோர் அன்னாவுக்குக் கோடு போட்டுவிடுகிறார்கள். ஆனால் இரண்டாம் அன்னாவின் தந்தை யாரோஸ்லாவைப் பெற்றவர் முதல் அன்னா அல்ல, விளாதிமிரின் இன்னொரு மனைவி ரோக்னேதா என்று பழைய கீவ் வரலாற்றேடு சொல்கிறது.

இந்தத் துறையில் நேர்மையாக உழைத்தவர்களும் உண்டு. இங்கிலாந்தின் ஆந்தனி வாக்னர், பிரான்ஸின் கிறிஸ்தியான் செத்திப்பானி போன்றோர் பழங்காலத்துக்கும் இடைக்காலத்துக்கும் இடையே பாலம் உண்டா என்று ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். எது சான்று, எது ஊகம் என்று பிரித்துக் காட்டுவதே அவர்கள் முறை. நகலெடுப்பவர்கள் ஊகம் என்ற குறியைக் கழற்றிவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அலெக்சாண்டர் காலத்திலிருந்து இன்றுவரை ஏறத்தாழ 80 தலைமுறைகள். ஒவ்வொரு தலைமுறைக்கும் தாய் தகப்பன் யார் என்பது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது உறுதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 80 கண்ணிகளும் சரியாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கும் குறைவு. உறுதி தொண்ணூற்றைந்தாகக் குறைந்தால் முழுச் சங்கிலியும் சரியாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டைக்கூட எட்டாது. நாம் மேலே பார்த்த கண்ணிகளோ பாதி உறுதிகூட இல்லாதவை.

இரண்டாவது தூணுக்கு வருகிறேன். ஒவ்வொருவருக்கும் பெற்றோர் இருவர், அவர்களுக்குப் பெற்றோர் நால்வர் என்று இரட்டித்துக்கொண்டே போனால் முப்பதாவது தலைமுறையில் முன்னோர் இடங்கள் நூறு கோடியைத் தாண்டும். அவ்வளவு மக்கள் அன்று உலகிலேயே இல்லை. ஆகவே ஒரே மனிதர் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறார். எல்லோருடைய மரங்களும் பின்னிக்கொள்கின்றன. ரோட், ஓல்சன், சாங் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2004-ல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, இன்றுள்ள மனிதர் எல்லோருக்கும் பொதுவான முன்னோர் ஒருவர் சில ஆயிரம் ஆண்டுகளுக்குள்ளேயே வாழ்ந்திருக்கக்கூடும் என்று கணித மாதிரிகளால் காட்டியது. இதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். செல்யூக்கஸின் சந்ததி அறுந்துபோகாமல் இருந்தால், இன்றுள்ள கோடிக்கணக்கானோர் அவர் வழி வந்தவர்களாக இருக்கலாம்.

ஆனால் இந்தக் கணக்கு வம்ச மரத்துக்கு அரண் ஆகாது. அதன் வேரையே அறுக்கிறது. எல்லோருக்கும் உரியது ஒரு குடும்பத்தின் தனிப்பெருமை ஆகாது. மேலும், மன்னரின் வழி வந்த நாம் அதே கணக்குப்படி அவர் தேரோட்டியின் வழியும் வந்தவர்கள். கி.மு. 332-ல் டயர் நகரம் விழுந்தபோது 30,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள் என்று பழைய வரலாற்றாசிரியர் அர்ரியன் எழுதுகிறார். சந்தையில் நிறுத்தப்பட்ட அந்த மக்களும் நம் முன்னோர்களே. கணக்கு இவர்கள் எல்லோரையும் சமமாகத்தான் தருகிறது. அதிலிருந்து மன்னரை மட்டும் பொறுக்கி எடுப்பது கணக்கல்ல, ஆசை. இருக்கலாம் என்று கணிதம் சொல்வதை எடுத்துக்கொண்டு, இந்த இன்ன பாட்டியின் வழியே என்று பெயர் எழுதுவது அந்தக் கணிதத்துக்கே செய்யும் துரோகம்.

மூன்றாவது, மரபணு. பிள்ளைக்குத் தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி என்று ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணு கலைந்து பகிரப்படுகிறது. பத்துப் பதினைந்து தலைமுறைகளுக்கு முந்தைய முன்னோர்களிலேயே பலரிடமிருந்து நமக்கு ஒரு துண்டுகூட வந்து சேர்ந்திருக்காது. எண்பது தலைமுறைக்கு முன் வாழ்ந்த ஒருவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தந்தையிடமிருந்து மகனுக்கு நேராக இறங்கும் ஒய் குரோமோசோம் கலையாமல் வரும் என்பது உண்மை. ஆனால் அதை எதனோடு ஒப்பிடுவது? அலெக்சாண்டரின் உடல் வைக்கப்பட்டிருந்த அலெக்சாந்திரியாக் கல்லறை எங்கே என்றே இன்று தெரியாது. 1977-ல் தொல்லியலாளர் மனோலிஸ் அந்த்ரோனிகோஸ் வெர்கினாவில் கண்டெடுத்த மக்கெதோனிய அரச கல்லறைகளில் எதில் கிடப்பது யார் என்பதிலேயே அறிஞர்களிடையே வழக்கு ஓயவில்லை. ஒப்பிட மூலமே இல்லாத இடத்தில் ஒப்பீட்டு முடிவு எப்படி வரும்? பால்கன் பகுதியில் அதிகம் காணப்படும் மரபுக்குழு ஒன்று உங்களிடம் இருக்கிறது என்றால், அது அரசருக்கும் ஆட்டிடையருக்கும் பொதுவான குழு என்பதற்கு மேல் எதையும் சொல்லாது.

பாகிஸ்தானின் சித்ரால் மலைப்பள்ளத்தாக்குகளில் வாழும் கலாஷ் மக்கள் அலெக்சாண்டரின் படைவீரர்களின் சந்ததி என்று பல தலைமுறைகளாகச் சொல்லிவருகிறார்கள். அவர்களின் வெளிர்நிறக் கண்களைக் காட்டிப் பயண எழுத்தாளர்களும் தொலைக்காட்சிகளும் இந்தக் கதையை வளர்த்தார்கள். 2015-ல் வெளியான விரிவான மரபணு ஆய்வு, கலாஷ் மக்கள் மிகப் பழங்காலத்திலேயே பிற மக்களிடமிருந்து பிரிந்து தனித்து வாழ்ந்தவர்கள் என்றும், அலெக்சாண்டர் படையின் கலப்புக்குச் சான்று தென்படவில்லை என்றும் சொன்னது. தங்களுக்கென்று மொழியும் தெய்வங்களும் திருவிழாக்களும் கொண்டு, சுற்றிலும் இருந்த நெருக்கடிகளுக்கு நடுவே அவற்றைக் காத்துவந்த சில ஆயிரம் மக்கள் அவர்கள். அந்தச் சாதனையை அவர்களிடமிருந்து பறித்து, வழிப்போக்கனாக வந்துபோன ஒரு படையின் கணக்கில் எழுதுகிறது இந்தக் கதை. கிரேக்கத் தொடர்பு இல்லாமலே அவர்கள் மதிக்கத் தக்கவர்கள்.

வாய்மொழி மரபைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்றைய ஆப்கானிஸ்தானின் வடகிழக்கில் உள்ள பதக்ஷானின் மன்னர்கள் தங்களை அலெக்சாண்டருக்கும் டேரியஸின் மகளுக்கும் பிறந்த வழி என்று சொல்லிக்கொண்டதை மார்க்கோ போலோ பதிவு செய்திருக்கிறார். இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து முகலாயப் பேரரசர் பாபரும் அதையே குறிப்பிடுகிறார். அந்தக் குடும்பத்தில் பிறந்த ஷா பேகம், பதக்ஷான் மூவாயிரம் ஆண்டுகளாகத் தம் முன்னோர் சொத்து என்று உரிமை கோரியதையும் பாபர் எழுதுகிறார். அப்போது அலெக்சாண்டர் அந்தப் பக்கம் வந்து இரண்டாயிரம் ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. தன் பேரனுக்கு நாடு வேண்டும் என்ற நிலையில் எழுந்த கோரிக்கை அது.

இந்த மரபில் தமிழர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. மலாய் அரச வரலாறான செஜாரா மெலாயு, மலாக்கா சுல்தான்களின் வழியை இஸ்கந்தர் துல்கர்னைனில் தொடங்குகிறது. அவரும் அலெக்சாண்டரும் ஒருவரா என்பதில் இஸ்லாமிய அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த வழியின் நடுவே கெலிங் நாட்டு, அதாவது தென்னிந்திய, ராஜா சூரன் வருகிறார். கடலுக்கு அடியில் இறங்கிக் கடலரசன் மகளை மணக்கிறார். அவர் வழி இளவரசர்கள் பாலெம்பாங்கின் புக்கிட் சிகுந்தாங் குன்றில் தோன்றுகிறார்கள். 1025-ல் ராஜேந்திர சோழன் ஸ்ரீவிஜயத்தின் மீது நடத்திய படையெடுப்பின் நினைவு இதில் ஒளிந்திருக்கிறது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். அலெக்சாண்டரையும் சோழரையும் ஒரே குடும்பமாக்கும் இந்தப் பகுதியைப் பெருமையோடு எடுத்துக்காட்டும் தமிழர்களை நான் அறிவேன். நூல் இப்போதைய வடிவம் பெற்றது 1612-ல், ஜொகூரில். 1511-ல் போர்த்துக்கீசியரிடம் மலாக்காவை இழந்து நூறாண்டு ஆன அரசவை, நகரம் போனாலும் வம்சம் நம்முடையது என்று உலகுக்குச் சொன்ன நூல் அது. இலக்கியமாக அது மகத்தானது. அந்த அவையின் மனத்தை அறிய அதைவிடச் சிறந்த சான்று இல்லை. ஆனால் ராஜா சூரனின் தாத்தா யார் என்று அறிய அது சான்று ஆகாது.

கொம்மகேனே, பால்மைரா, கொன்ஸ்தாந்திநோபிள், பதக்ஷான், ஜொகூர் எங்கும் ஒன்றே நடந்திருக்கிறது. அதிகாரம் ஆட்டம் காணும்போதும், புதிதாகப் பிடித்த அதிகாரத்துக்கு நியாயம் தேவைப்படும்போதும், பழைய மன்னர் ஒருவர் தாத்தாவாக அழைத்துவரப்படுகிறார். அந்தக் கோரிக்கைகள் கோரியவரின் நிலைமையைச் சொல்கின்றன. அலெக்சாண்டரின் சந்ததியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இன்று அதே ஏடுகளிலிருந்து தன் மரத்தை இறக்கிக்கொள்பவர், அவற்றை எழுதியவர்களின் தேவையையும் சேர்த்தே இறக்கிக்கொள்கிறார்.

இதனால் யாருக்கு என்ன கெடுதல், ஒரு குடும்பம் மகிழ்ந்துவிட்டுப் போகட்டுமே என்பார்கள். கெடுதல் உண்டு. இங்கிலாந்தில் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பங்குதோறும் பதிவு செய்ய வேண்டும் என்று ஆணை வந்ததே 1538-ல்தான். அதற்கு முன் ஏட்டில் ஏறியவர்கள் பெரும்பாலும் நிலம் வைத்திருந்தவர்கள், வழக்காடியவர்கள், வரி கட்டியவர்கள். உழுதவர்களும் நெய்தவர்களும் பிள்ளைப்பேற்றில் மாண்ட பெண்களும் பெயரில்லாமல் போனார்கள். நம்மைப் பெற்றவர்கள் பெரும்பாலும் அவர்களே. அவர்கள் இருந்த இடத்தில் ஒரு மன்னரை ஒட்டுவது, ஏற்கெனவே ஒருமுறை மறக்கப்பட்டவர்களை இரண்டாம் முறை அழிப்பதாகும். விதிவிலக்காக, சீனாவில் கன்பூசியஸின் கொங் குடும்பம், அரசின் ஆதரவும் சூஃபு கோயிலும் இருந்ததால் வம்ச ஏட்டைத் தொடர்ந்து காத்துவந்தது. 2009-ல் வெளியான பதிப்பில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. நீண்ட வழியை எழுத அப்படியொரு நிறுவனம் நூற்றாண்டுகள் இடைவிடாமல் வேலை செய்ய வேண்டும். கிரேக்க மன்னர்களின் சந்ததிக்கு அப்படி எதுவும் இருந்ததில்லை.

இன்னொரு கெடுதலும் உண்டு. அரச இரத்தம் என்ற எண்ணத்துக்கு இந்த மரங்கள் புது உயிர் கொடுக்கின்றன. பிறப்பால் உயர்வு வரும் என்று ஒருவர் தன் வரவேற்பறைச் சுவரில் சட்டமிட்டு மாட்டும்போது, பிறப்பால் தாழ்வும் வரும் என்பதை மறுக்கும் தகுதியை இழக்கிறார்.

முன்னோரைத் தேடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தேடுங்கள். பதிவேட்டை, பத்திரத்தை, கல்லறைக் கல்லை நீங்களே பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சான்று என்ன என்று எழுதுங்கள். ஊகமானால் ஊகம் என்றே எழுதுங்கள். சான்று நின்றுபோகும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள். அதற்கு மேலே உள்ள கட்டத்தை வெறுமையாக விடுவது தோல்வியல்ல. அங்கே யாரோ ஒரு தாயும் தகப்பனும் வாழ்ந்தார்கள், அவர்கள் பெயரை வரலாறு காக்கவில்லை என்ற உண்மையை அந்த வெறுமை சொல்கிறது. அந்தக் கட்டத்தில் மன்னரின் பெயரை எழுத நமக்கு உரிமை இல்லை.